இரட்டைக் காலத்தில் ஓடும் நாவல்: 1943 மலாயாத் தோட்டமும் பேத்தியின் தேடலும். நிகழ்காலப் பகுதி ஏன் தொய்கிறது?

காகிதக்கப்பல்:

வணக்கம். மலாயாத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட நாவலின் முதல் வரைவு முடிந்திருக்கிறது. ஏறக்குறைய 90,000 சொற்கள், 44 அத்தியாயங்கள். ஒற்றைப்படை அத்தியாயங்கள் 1941 முதல் 1946 வரை, இரட்டைப்படை அத்தியாயங்கள் 2019.

பழைய கதை: மலாயாவின் பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டம். பால்மரம் வெட்டும் பத்தொன்பது வயதுப் பெண், அதே தோட்டத்து இளைஞன். 1943இல் ஜப்பானியர் அவனைச் சயாமில் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்குப் போடும் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகிறார்கள். அவள் அப்போது கர்ப்பமாக இருக்கிறாள். தோட்டத்துக் கிராணி (கணக்கர்) அவளைக் கட்டிக்கொள்கிறார். பிறந்த பிள்ளை கிராணியின் மூத்த மகனாக வளர்கிறான்.

புதிய கதை: பாட்டி 95 வயதில் இறந்தபின் பேத்தி தகரப்பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே அவன் சயாமிலிருந்து எழுதிய பன்னிரண்டு கடிதங்கள், பாட்டியின் கல்யாணப் பதிவுச் சான்றிதழ். அவற்றை வைத்துக்கொண்டு காஞ்சனபுரி போகிறாள், போர்க் கல்லறையில் அவன் பெயரைக் கண்டுபிடிக்கிறாள்.

படித்தவர்கள் சொன்னது மூன்று: நிகழ்காலத்தைத் தாண்டிப் பழைய கதைக்கே ஓடத் தோன்றுகிறது, மூத்த மகன் யார் பிள்ளை என்பது எட்டாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடுகிறது, முடிவு நம்பும்படி இல்லை. எதிலிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பிரட்டுக்களம்:

மூன்றாவதிலிருந்து தொடங்குங்கள். சான்றுகளைச் சரிசெய்தால் மற்ற இரண்டும் பாதி சரியாகிவிடும்.

கடிதங்கள் நிற்காது. பாதை வேலையில் இருந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்கே எப்போதாவது அச்சடித்த அட்டை ஒன்றுதான் அனுப்பக் கிடைத்தது. தோட்டத்திலிருந்து போனவர்களின் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் எந்தச் செய்தியும் வரவில்லை. ஆள் திரும்பி வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை. பன்னிரண்டு கடிதம் வந்ததாக எழுதினால் அந்தத் துயரத்தின் மையமே போய்விடும். அவளை வதைத்தது அந்த மௌனம்தான்.

கல்லறைப் பெயரும் நிற்காது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறக்குறைய 7,000 பேர் இருக்கிறார்கள். அவர்கள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க்கைதிகள். தமிழ்த் தொழிலாளிக்கு அங்கே பெயர்க்கல் கிடையாது. அந்த ரயில் பாதை சயாமின் பான்போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 60,000க்கும் மேற்பட்ட போர்க்கைதிகள், அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளர்கள். கைதிகளில் இறந்த 12,000 பேருக்கும் அதிகமானோரின் விவரம் பதிவாகியிருக்கிறது. ஆசியத் தொழிலாளர் சாவு 90,000 வரை போகும் என்பது வெறும் மதிப்பீடு, பெயர்ப்பட்டியல் இல்லை. பேத்தி அந்தப் புல்வெளியில் வரிசை வரிசையாகப் பெயர்களைப் படித்துக்கொண்டே போய், தன் தாத்தாவுக்கு அங்கே ஒரு வரிகூட ஒதுக்கப்படவில்லை என்று உணரும் காட்சி, நீங்கள் எழுதியிருக்கும் கண்டுபிடிப்பைவிடப் பல மடங்கு கனமானது.

கல்யாணச் சான்றிதழையும் எடுத்துவிடுங்கள். மலேசியாவில் இந்துத் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 1976இல் வந்து, 1982 மார்ச் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1943இல் தோட்டத்துக் கோயிலில் கட்டிய தாலிக்குச் சான்று, பெரும்பாலும் பார்த்த கண்கள்தான்.

கிராணி கட்டிக்கொள்வதும் யோசிக்க வேண்டியது. கிராணிமார் பெரும்பாலும் மலையாளிகள், யாழ்ப்பாணத்தார், படித்த தமிழர்கள். அவர்களுக்குத் தனி வீடு. அவர்களில் ஒருவர் கர்ப்பிணியான பால்வெட்டுப் பெண்ணை மணந்தால் அது பத்துத் தோட்டத்துக்குப் பேச்சாகும், ரகசியத்துக்கு அதைவிட மோசமான இடம் இல்லை. கணவனை இன்னொரு பால்வெட்டுக்காரனாக்குங்கள். கிராணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேடும் பேனாவும் கையில் உள்ளவராக இருக்கட்டும். அவருக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

1943இல் அன்றாடம் விடியற்காலை பால்வெட்டு நடப்பதாக எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். 1941 டிசம்பர் 8இல் கோத்தா பாருவில் ஜப்பானியர் இறங்கினார்கள், அந்த மாதம் முடிவதற்குள் ஈப்போ அவர்கள் கையில். துரைமார் ஓடிவிட்டார்கள். ரப்பரை வாங்கும் சந்தை அறுந்ததால் பல தோட்டங்களில் வெட்டு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது. பர்மா, சயாம் அரிசி வரத்து சுருங்கியதால் மரவள்ளி நட்டார்கள். ஆகவே காதலர்கள் பால் பிடிக்கும் மங்கும் வாளியுமாகச் சந்திக்கும் காட்சிகள் 1941க்கு உரியவை. 1943இல் அவர்கள் சந்திப்பது மரவள்ளிக்காகத் திருத்திய நிலத்தில், கோணிச்சாக்கு உடுத்தியவர்கள் நடுவே.

ஆள் பிடித்த விதம்: மலாயாவிலிருந்து பெருந்தொகையாக அனுப்பியது 1943 ஏப்ரல் முதல். மூன்று மாத வேலை என்றுதான் முதலில் சொன்னார்கள். ஒவ்வொரு தோட்டமும் இத்தனை பேர் தர வேண்டும் என்று கேட்டார்கள்; பெயர் எழுதிக் கொடுக்கும் பொறுப்பு கிராணி, கங்காணி தலையில் விழுந்தது. பிறகு சரக்கு வண்டிப் பெட்டிகளில் பான்போங் வரை, அங்கிருந்து முகாம்களுக்கு நடை. மே, ஜூன் மழையோடு காலரா. அவன் சாவை வைகாசி ஆனியில் வைத்தால் வரலாற்றோடு பொருந்தும்.

நெடுங்கணக்கு:

பிரட்டுக்களம் சொன்ன பட்டியலே கட்டமைப்பைத் தந்துவிட்டது. பெயர் எழுதிக் கொடுத்தது யார் என்பதுதான் உங்கள் கடைசி ரகசியம். பிள்ளை யாருடையது என்பதல்ல.

வாசகர் எட்டாம் அத்தியாயத்தில் கண்டுபிடித்தது குறையே அல்ல. அதை ஒளித்துவைக்க நீங்கள் மேலும் 30 அத்தியாயம் மெனக்கெட்டதுதான் குறை. இந்த வகை நாவலைக் கையில் எடுப்பவருக்கு, போருக்குப் போன காதலன், அவசரக் கல்யாணம் என்றவுடன் பிள்ளை விஷயம் தெரிந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு முடியும்போது நீங்களே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதன்பின் வாசகர் கேட்பது, ஏன் அறுபது வருஷம் வாய் திறக்கவில்லை என்பதாக மாறும். அதற்குப் பதில் அவமானம் என்ற ஒற்றைச் சொல்லாக இருந்தால் போதாது. கணவன் செத்து, மாமியார் செத்து, தோட்டமே துண்டாடி விற்கப்பட்ட பிறகு யாருக்குப் பயப்படுகிறாள்? அந்தப் பயம் அவளுடைய சொந்தச் செயலோடு ஒட்டியிருந்தால்தான் அறுபது வருஷம் தாங்கும்.

இன்னொன்று, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ரகசியம் கிடையாது. பலகைத் தடுப்புக்கு அப்பால் இருமினால் கேட்கும். ஆகவே யாருக்குத் தெரியாது என்று கணக்குப் போடாதீர்கள். யார் யாருக்குத் தெரியும், ஒவ்வொருவரும் எதற்காக வாயை மூடிக்கொண்டார்கள் என்று ஒரு தாள் போடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக: அறிந்தது எப்போது, மௌனத்தின் காரணம், அந்தக் காரணம் எந்த ஆண்டில் செத்துப்போகிறது. அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். காரணம் செத்தபின்னும் ஒருவர் பேசாமல் இருந்தால் அது கதாசிரியர் வாயைப் பொத்தியதாகத்தான் தெரியும்.

அடுத்து, 2019ஐ விட்டுவிடுங்கள். 1943இல் 19 என்றால் 2019இல் 95. செத்துப்போன பாட்டி பெட்டியை மட்டும்தான் விட்டுப்போக முடியும், பெட்டியோடு பேத்தி சண்டைபோட முடியாது. மேலும் அந்த ஆண்டில் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மரபணுச் சோதனை முடிவு வந்துவிடும். ஏன் செய்யவில்லை என்று விளக்க வேண்டிவரும்.

2003ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் வயது மட்டுமல்ல. தமிழ் வருஷப் பெயர்க் கணக்கில் 1943-44 சுபானு வருஷம். அறுபது ஆண்டு சுழன்று அதே சுபானு மறுபடி வருவது 2003-04. சுபானு ஐப்பசியில் பிறந்த மூத்த மகனுக்கு 2003 ஐப்பசியில் அறுபதாம் கல்யாணம்! உங்கள் நிகழ்காலக் கதைக்கு இல்லாமல் போனது ஒரு கெடு. இதோ கெடு.

சான்றும் இதிலேயே இருக்கிறது. மலாயாவில் அடையாள அட்டைப் பதிவு 1948இல், கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய அவசரகாலத்தோடு தொடங்கியது. பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு. மகன் அட்டை எடுப்பது ஐம்பதுகளின் நடுவில். கல்யாணத்துக்கும் பிறப்புக்கும் கணக்கு இடிக்கக் கூடாது என்று கணவன் 1944 என்று சொல்லியிருப்பான். அட்டைப்படி அறுபது நிறைவது 2004. வீட்டில் எல்லாரும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். 79 வயதுப் பாட்டி மட்டும், இல்லை, சுபானுவில்தான் செய்ய வேண்டும், இந்த வருஷமே என்று பிடிவாதம் பிடிக்கிறாள். ஏன் என்று சொல்ல மாட்டேன் என்கிறாள். தகரப்பெட்டி தேவையே இல்லை. உயிரோடு இருக்கும் ஒருத்தியின் பிடிவாதம் கதையைத் திறந்துவிடும்.

இதோடு திதி. மூத்த மகன் வளர்த்த தகப்பனுக்கு ஆண்டுதோறும் திதி கொடுக்கிறார். சயாமில் செத்தவனுக்கு நாள் தெரியாது, எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லை. நாள் தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையும் மகாளய அமாவாசையும் உண்டு. ஆடியில் கேள்வி தொடங்கட்டும், மகாளயத்தில் மகன் ஒரு முடிவுக்கு வரட்டும், ஐப்பசியில் சடங்கு. மூன்றரை மாதத்துக்குள் நிகழ்காலம் முழுவதும் அடங்கும். சார்ஸ் பயம் அந்த மே, ஜூனோடு ஓய்ந்துவிட்டதால் பயணத்துக்கும் தடை இல்லை. காஞ்சனபுரியில் பர்மா ரயில் பாதைக்கான ஆய்வு மையம் திறந்ததும் 2003தான். அந்தப் பாதையிலேயே உள்ள ஹெல்ஃபயர் கணவாய் நினைவகம் 1998இலிருந்து இருக்கிறது. அவள் போய் நிற்க இடம் உண்டு. இணையத்தில் பழைய நாளிதழ் தேடும் வசதி மட்டும் அப்போது இல்லை, நுண்படச் சுருளைச் சுற்றித்தான் பார்க்க வேண்டும். அதுவும் நல்லதே, தேடல் மெதுவாக நடக்கும்.

காகிதக்கப்பல்:

சுபானு கணக்கு என் கண்ணில் பட்டதே இல்லை. இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். கடிதமே வேண்டாமா? அவள் குரல் நேரடியாகக் கேட்கும் இடம் ஒன்றாவது வேண்டும் என்று தோன்றுகிறது. அடுத்தது, பெயர் எழுதிக் கொடுத்தது பிற்பாடு அவளை மணந்த கணவனே என்று வைக்கலாமா?

ஏட்டுக்கட்டு:

கடிதம் ஒன்று வைக்கலாம், ஒன்றே ஒன்று. போர் முடிந்து இந்தியத் தபால் மறுபடி ஓடத் தொடங்கியபின், 1946இல், தமிழ்நாட்டில் ஊரில் இருக்கும் அவன் தாய்க்கு அவள் எழுதுவது. அவளுக்கு எழுதத் தெரியாது. அந்தத் தலைமுறைப் பால்வெட்டுப் பெண்களில் பலருக்கும் தெரியாது. ஆகவே அவள் சொல்ல, கிராணியோ தோட்டப் பள்ளி வாத்தியாரோ எழுதுகிறார். கடிதத்தின் முழு ருசியும் இதில்தான் இருக்கிறது: அவள் மனசு ஒன்று சொல்லும், எழுதுகிறவர் வழக்கமான வாசகத்தில் அடைப்பார், எதைச் சொல்லக் கூடாது என்று அவளே பாதியில் நிறுத்துவாள். அந்தக் கால வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்க வேண்டும்:

"விய வருஷம் வைகாசி மாதம் 3ந் தேதி. அம்மாள் அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்துக்குப் பதில் எழுதவும். தங்கள் குமாரர் சயாம் தேசத்துக்கு வேலைக்குப் போனவர், திரும்பிய ஆட்களோடு வரக் காணோம். கூடப் போனவர் ஒருவர் வந்து சொன்ன சேதியைக் காகிதத்தில் எழுதக் கூடவில்லை. மற்றவை பின்பு."

"எழுதக் கூடவில்லை" என்ற இடத்தில் எழுதியவர் பேனாவை நிறுத்தியிருக்கிறார். கடிதத்தைக் கொடுத்துவிட்டு விளக்கம் எழுதாதீர்கள். அடுத்த பழைய அத்தியாயத்தில் அது எழுதப்பட்ட சாயங்காலத்தைக் காட்டுங்கள், போதும். கடிதம் பேத்திக்குக் கிடைக்கும் வழியும் நேராகிறது: அது பாட்டியின் பெட்டியில் இருக்க நியாயமில்லை, தமிழ்நாட்டில் அவன் தம்பி மக்கள் வீட்டில் இருக்கும்.

திரும்பியவன் வரும் நேரத்தையும் பாருங்கள். 1945 ஆகஸ்ட் 15இல் ஜப்பான் சரணடைந்தாலும் சயாமில் இருந்தவர்கள் மறுநாளே வந்துவிடவில்லை. மாதக்கணக்கில் அங்கேயே முகாம்களில் காத்திருந்து 1946 வரை வந்து சேர்ந்தவர்கள் உண்டு. அந்த இடைவெளியில் அவள் ஒவ்வொரு ரயிலுக்கும் ஆள் விசாரிக்கிறாள், மடியில் இன்னொருவன் பெயரைச் சுமக்கும் இரண்டு வயதுப் பிள்ளை. உங்கள் பழைய கதையில் நிதானமாக எழுத வேண்டிய பகுதி இதுவே. போர்க் காட்சிகளை இதற்காகக் குறைத்தாலும் தவறில்லை.

காலப் பிழைகள் சில. ஆக்கிரமிப்புக் காலத்தில் கடிகாரம் டோக்கியோ நேரத்துக்கு மாற்றப்பட்டது, அதாவது முந்தைய நேரத்தைவிட ஒன்றரை மணி கூடுதல். எட்டு மணிக்கு மேல்தான் விடியும். "ஆறு மணி, சூரியன் எழுந்தது" என்று 1943இல் எழுதாதீர்கள். அரசாங்கத் தாள்களில் ஜப்பானிய ஆண்டுக் கணக்கு, 1943 என்றால் 2603. புழங்கிய பணம் ஜப்பான் அச்சடித்த வாழைமர நோட்டு. வெள்ளைக்காரன் திரும்பியதும் அது செல்லாக் காசு. கணவன் மூன்று வருஷம் சேர்த்தது ஒரே நாளில் போவதற்கு இதைப் பயன்படுத்தலாம், பெட்டிக்குள் புதையலாக வைக்க வேண்டாம். யார் வாயிலும் மலேசியா வரக் கூடாது, 1963 வரை மலாயாதான். தெலுக் இந்தான் என்பது அப்போது தெலுக் ஆன்சன்.

பாட்டி பேச்சில் ஒரு சின்னக் கவனம். பேத்தி அவளை ஆயா என்று கூப்பிட்டால் நாவல் முழுக்க ஆயாதான். ஓரிடத்தில் பாட்டி, ஓரிடத்தில் அம்மாச்சி என்று நழுவக் கூடாது. பழைய கதையில் கிராணியிடம் அவள் "ஐயா" போட்டுத்தான் பேசுவாள், கோபத்திலும்கூட. அந்த ஐயாவோடு கோபத்தைக் காட்டுவதுதான் எழுத்தாளருக்குச் சவால்.

ஓரப்பக்கம்:

இரண்டாவது சந்தேகத்துக்கு என் பதில்: கணவனை எழுதவைக்காதீர்கள். நெடுங்கணக்கு சொன்னதுபோல, பெயர் கொடுத்தது யார் என்பதே கடைசி ரகசியம், அது சரி. ஆனால் பதில் கணவன் என்றால் கதை வில்லன் கதையாகிவிடும். அவனைப் பிடிக்காமல் போனவுடன் வாசகருக்கு எல்லாம் எளிதாகிவிடும். பாட்டி ஏன் மௌனம் காத்தாள் என்பதற்கும் அதில் பதில் இல்லை. துரோகம் செய்தவனை அவள் எப்போதோ காட்டிக்கொடுத்திருக்கலாமே.

கிராணியின் பட்டியலில் முதலில் இருந்தது அவளுடைய தம்பியின் பெயர் என்று வையுங்கள். பதினாறு, பதினேழு வயது. அவள் போய் கிராணியின் காலில் விழுந்து அந்தப் பெயரை அடிக்கச் சொல்கிறாள். கிராணி அடிக்கிறார். ஆனால் எண்ணிக்கை குறையக் கூடாது. மறுநாள் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் வாசிக்கும்போது அந்த இடத்தில் காதலன் பெயர் இருக்கிறது. கிராணி வேண்டுமென்று செய்தாரா, அடுத்திருந்த பெயரை எழுதினாரா என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. தம்பி பிழைத்துக்கொள்கிறான், கல்யாணம் செய்கிறான், பேரன் பேத்தி எடுக்கிறான், 2003இல் அறுபதாம் கல்யாணத்துக்குத் தாய்மாமனாக வந்து முன்வரிசையில் உட்காரப் போகிறான். இப்போது அவள் வாய் திறந்தால் உடைவது தன் மானம் மட்டுமல்ல, அந்தத் தம்பியின் அறுபது வருஷ வாழ்க்கை. இந்த மௌனத்துக்குக் காரணம் இன்னும் சாகவில்லை, எதிரே உட்கார்ந்திருக்கிறது.

தம்பிக்குத் தெரியுமா? தெரியும் என்பேன். அக்காளும் தம்பியும் ஒருவருக்கொருவர் தெரியும் என்று காட்டிக்கொண்டதே இல்லை. நெடுங்கணக்கின் தாளில் இவர்கள் இருவருக்கும் கூடுதல் இடம் விடுங்கள்.

அத்தியாய அடுக்கு முறையில் நெடுங்கணக்கு சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. ஒன்றுவிட்டு ஒன்று என்ற ஒழுங்கைக் குலையுங்கள். 44இல் 22, 22 என்று பங்கிட்டதால்தான் நிகழ்காலத்தில் பேத்தி பேருந்து ஏறுவதும் தேநீர் குடிப்பதும் ஓர் அத்தியாயமாகியிருக்கும். 90,000இல் பழைய கதைக்கு 58,000, புதியதற்கு 32,000 போதும். நிகழ்கால அத்தியாயம் 1,500 சொல்லைத் தாண்ட வேண்டாம். 1943 சித்திரை முதல் ஐப்பசி வரை நான்கைந்து பழைய அத்தியாயங்களை இடைவெட்டே இல்லாமல் ஓடவிடுங்கள். அங்கே 2003க்குத் தாவினால் வாசகர் எரிச்சலடைவார், நியாயமான எரிச்சல். ஆடி அமாவாசைக்கு முன்பும் மகாளயத்தை ஒட்டியும் நிகழ்காலம் இரண்டு மூன்று அத்தியாயம் சேர்ந்தே வரட்டும்.

ஒவ்வொரு நிகழ்கால அத்தியாயத்தையும் ஒரே கேள்வியால் சோதியுங்கள்: பேத்திக்குக் கிடைத்த தகவல், வாசகர் முந்தைய பழைய அத்தியாயத்தில் நம்பியதைப் புரட்டுகிறதா? உறுதிமட்டும் செய்கிறது என்றால் அந்த அத்தியாயம் போக வேண்டியதுதான். அடையாள அட்டை 1944 என்கிறது, சாதகம் சுபானு என்கிறது, அது புரட்டல். காஞ்சனபுரியில் அருங்காட்சியக அட்டையைப் படித்து வரலாறு தெரிந்துகொள்வது புரட்டல் அல்ல. அதைப் பழைய கதை முன்பே காட்டிவிட்டது.

பெண்கள் படையில் அவளைச் சேர்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். இந்திய தேசிய ராணுவத்தின் ஜான்சி ராணிப் படைக்கு ஆள் எடுத்தது 1943 ஜூலைக்குப் பின், சிங்கப்பூர்ப் பயிற்சி முகாம் திறந்தது அக்டோபர் 22. உங்கள் கதாநாயகி அப்போது பிள்ளைத்தாய்ச்சி அல்லது பிரசவமானவள். வேண்டுமானால் அவள் தோழியை அனுப்பலாம், இரண்டு பக்கத்துக்குள்.

திருத்தி எழுதும்போது வரிசையாக முதல் அத்தியாயத்திலிருந்து போகாதீர்கள். தம்பி பெயரை அடிக்கச் சொல்லி அவள் கிராணி வீட்டு வாசலில் நிற்கும் காட்சியை முதலில் எழுதுங்கள், அடுத்தது 2003இல் அக்காளும் தம்பியும் தனியாக இருக்கும் காட்சி. இந்த இரண்டும் நின்றால், இடையில் எந்தத் தகவலை எங்கே விட வேண்டும் என்பது தாளில் தானே விழும்.